68 வயதில் கொலஸ்ட்ரால் மாத்திரை: கால் வலிக்கிறது என்று நிறுத்தலாமா?

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து 68 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்:

"ஏழு வருடமாக பிரஷர் இருக்கிறது, மாத்திரை போடுகிறேன். சுகர் இல்லை. மாரடைப்பு, பக்கவாதம் எதுவும் வந்ததில்லை. ரத்தப் பரிசோதனையில் மொத்த கொலஸ்ட்ரால் 256, எல்.டி.எல். 172, எச்.டி.எல். 46, ட்ரைகிளிசரைடு 190 என்று வந்தது. அட்டோர்வாஸ்டாட்டின் 10 மி.கி. எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு மாதம் போட்டேன், கால் வலி வந்துவிட்டது. ஈரலைக் கெடுக்கும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னதால் நிறுத்திவிட்டேன். வீட்டில் மூன்று பேர். மாதம் ரேஷன் பாமாயில் 1 லிட்டர், கடை எண்ணெய் 3 லிட்டர் ஆகும். வாரம் மூன்று நாள் மீன். மகன் பூண்டு மாத்திரை வாங்கி வந்திருக்கிறான். சாப்பாட்டிலேயே குறைத்துவிட முடியாதா?"

அம்மா, மாத்திரையை நிறுத்தியதை எழுதிக் கொடுத்த டாக்டரிடம் சொன்னீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள் என்றே நினைக்கிறேன். நிறைய பேர் சொல்வதில்லை. அடுத்த முறை ரத்தம் பார்க்கும்போது அளவு இறங்கியிருக்காது. மாத்திரை போட்டும் குறையவில்லையே என்று டாக்டர் 10-ஐ 20 ஆக்குவார். அதனால் அடுத்த முறை போகும்போது முதல் வார்த்தையாக இதைச் சொல்லிவிடுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

சாப்பாடா மாத்திரையா என்று பேசுவதற்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை பாக்கி இருக்கிறது. தைராய்டு. டி.எஸ்.எச். என்று கேட்டால் தெரியும். தைராய்டு மந்தமாக இருந்தால் கல்லீரலால் ரத்தத்தில் ஓடும் எல்.டி.எல். என்ற கெட்ட கொலஸ்ட்ராலைச் சரியாக இழுத்துக்கொள்ள முடியாது, அளவு தானாக ஏறும். அதே தைராய்டு குறைவு தசை வலியையும் உண்டாக்கும். அந்த நிலையில் ஸ்டாட்டின் மாத்திரை (உங்கள் அட்டோர்வாஸ்டாட்டின் அந்த வகைதான்) போட்டால் வலி இன்னும் கூடும். கொலஸ்ட்ராலும் கால் வலியும் ஒரே இடத்திலிருந்து வந்திருக்கலாம். அறுபது தாண்டிய பெண்களுக்குத் தைராய்டு குறைவு சர்வசாதாரணம். களைப்பு, மலச்சிக்கல், குளிர் தாங்காமை எல்லாவற்றையும் 'வயசாகிடுச்சு' என்று விட்டுவிடுவதால் கண்டுபிடிக்காமலே போகிறது. கொருக்குப்பேட்டையிலிருந்து என்னிடம் வரும் ஒரு பாட்டிக்கு எல்.டி.எல். 190-க்கு மேல் இருந்தது. தைராய்டு மாத்திரை மட்டும் கொடுத்து மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் 140-களில் நின்றது. எல்லோருக்கும் இப்படி இறங்காது. ஆனால் பார்க்காமல் விடக்கூடாது. ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொள்ளலாம். உங்கள் அம்மா காலத்தில் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே சொல்லியிருப்பார்கள். சர்க்கரை, சிறுநீரகம், கல்லீரல் பரிசோதனைகளையும் அதே ரத்தத்தில் முடித்துவிடுங்கள்.

அப்புறம் கால் வலி. எங்கே வலிக்கிறது, எப்போது வலிக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. எல்லாமே அதில்தான் இருக்கிறது. ஸ்டாட்டினால் வரும் தசை வலி பெரும்பாலும் இரண்டு பக்கமும் சமமாக, தொடையில் அல்லது கெண்டைக்காலில், மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் வரும். மாடிப்படி ஏறும்போது ஒரு முட்டி மட்டும் பிடித்துக்கொண்டால் அது மூட்டுத் தேய்மானம், மாத்திரை மேல் பழி இல்லை. மூன்றாவது வகை ஒன்று உண்டு, அதைக் கவனமாகப் பாருங்கள். எம்.சி. ரோட்டில் கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்கால் இறுகி வலிக்கிறது, ஒரு கடை வாசலில் இரண்டு நிமிடம் நின்றால் போய்விடுகிறது, திரும்ப நடந்தால் அதே தூரத்தில் மறுபடியும் பிடிக்கிறது என்றால், காலுக்குப் போகும் ரத்தக்குழாயில் கொழுப்பு படிந்து அடைத்திருக்கலாம். அப்படியானால் நிலைமை தலைகீழ். எந்த வலிக்காக நிறுத்தினீர்களோ, அதற்கே அந்த மாத்திரை அவசியம். இந்த மாதிரி வலி இருந்தால் காத்திருக்க வேண்டாம், உடனே காட்டுங்கள்.

மாத்திரையால்தான் வலி என்று உறுதியாக நம்பி நிறுத்தியவர்களை வைத்து லண்டனில் ஓர் ஆய்வு நடத்தினார்கள், 2020-இல் வெளியானது. 60 பேர். ஒரு வருடம், மாதம் ஒரு புட்டியாக மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். சில மாதம் ஸ்டாட்டின், சில மாதம் மருந்தே இல்லாத வெறும் மாத்திரை, சில மாதம் காலிப் புட்டி. காலிப் புட்டி மாதங்களில் தொந்தரவு குறைவு. வெறும் மாத்திரை மாதங்களில் வந்த தொந்தரவு, ஸ்டாட்டின் மாதங்களில் வந்ததில் 90 சதவீதம் இருந்தது. வலி பொய் என்று இதற்கு அர்த்தம் இல்லை. அவர்களுக்கு வலித்தது நிஜம். மாத்திரை போடுகிறோமே, ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் உடம்பை அவ்வளவு தூரம் வலிக்க வைக்கும். முடிவைப் பார்த்த பிறகு பாதிப் பேர் திரும்பவும் மாத்திரையைத் தொடங்கினார்கள். நீங்கள் நிறுத்தி எத்தனை நாள் ஆகிறது? நான்கைந்து வாரம் கழித்தும் வலி அப்படியே இருந்தால் காரணம் வேறு. இன்னொன்று, மாத்திரை போடும் காலத்தில் சிறுநீர் காபி டிகாக்ஷன் நிறத்தில் போனால், அல்லது கீழே உட்கார்ந்து எழ முடியாத அளவு பலவீனம் வந்தால், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அது மிக அரிது.

ஈரல் பற்றிய பயம் பழையது. ஸ்டாட்டின் கல்லீரலில் வேலை செய்கிற மருந்து. கொலஸ்ட்ரால் தயாரிப்பை அங்கே குறைக்கிறது. தேவைக்காகக் கல்லீரல் ரத்தத்திலிருந்து எல்.டி.எல்.லை அதிகமாக இழுத்துக்கொள்கிறது. இந்த மருந்தால் கல்லீரல் உண்மையாகவே கெட்டுப்போவது மிகமிகக் குறைவு. தொடங்குமுன் ஒரு பரிசோதனை போதும். சர்க்கரை கொஞ்சம் ஏறும் என்பது நிஜம், எல்லைக்கோட்டில் இருப்பவர்களுக்கு அதைக் கவனிக்க வேண்டும்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். உங்கள் வீட்டு எண்ணெயைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 4 லிட்டர், மூன்று பேர், முப்பது நாள். ஆளுக்கு ஒரு நாளைக்கு சுமார் 44 மில்லி, கிட்டத்தட்ட 9 டீஸ்பூன். பாதிக்கும் கீழே கொண்டுவர வேண்டும். இதில் பாமாயில் தனிக் கதை. ரேஷனில் 25 ரூபாய்க்குக் கிடைப்பது குடும்பத்துக்குப் பெரிய உதவி, வாங்காதீர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அதில் உள்ள கொழுப்பில் 40 சதவீதத்துக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் அது 20 சதவீதத்துக்குள் இருக்கும். ரத்தத்தில் எல்.டி.எல்.லை ஏற்றுவது இந்த நிறைவுற்ற கொழுப்புதான். பாக்கெட்டில் 'கொலஸ்ட்ரால் இல்லை' என்று போட்டிருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். செடியிலிருந்து வரும் எந்த எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் கிடையாது, தேங்காய் எண்ணெய் உட்பட. உங்கள் குழம்புக்கும் தாளிப்புக்கும் கடலை எண்ணெய் அல்லது நல்லெண்ணெயை வைத்துக்கொள்ளுங்கள். மாதம் பிறந்ததும் உங்கள் பங்குக்கு அரை லிட்டர் மட்டும் தனி பாட்டிலில் ஊற்றி, உங்கள் சமையலுக்கு அதிலிருந்தே எடுங்கள். இருபதாம் தேதி பாட்டில் காலியானால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

பாலும் அப்படித்தான். ஆவின் ஆரஞ்சு பாக்கெட்டில் 6 சதவீதம் கொழுப்பு, நீலத்தில் 3. தினம் அரை லிட்டர் என்றால் 30 கிராமுக்கும் 15 கிராமுக்கும் உள்ள வித்தியாசம்.

மீனை விட வேண்டாம். காசிமேடு பக்கத்திலேயே இருக்கும்போது கானாங்கத்தை, மத்தி, நெத்திலி இவற்றை விட்டுவிட்டு விலை அதிகமான வஞ்சிரத்தைத் தேட வேண்டிய அவசியமும் இல்லை. உண்மையைச் சொன்னால், மீன் எல்.டி.எல்.லைப் பெரிதாகக் குறைக்காது. ட்ரைகிளிசரைடு என்ற இன்னொரு ரத்தக் கொழுப்பைக் கொஞ்சம் குறைக்கும், மட்டன் இருந்த இடத்தில் மீன் வந்தால் லாபம். குழம்பாக வையுங்கள். பாமாயிலில் பொரித்தால் அந்த லாபம் போய்விடும். இறாலில் கொலஸ்ட்ரால் உண்டு, நிறைவுற்ற கொழுப்பு குறைவு, எப்போதாவது சாப்பிடலாம். கருவாடு மட்டும் பிரஷருக்காகக் குறையுங்கள், உப்பு அதிகம்.

சேர்க்க வேண்டியது கரையும் நார்ச்சத்து. தினம் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, கொள்ளு ஏதாவது ஒன்று. வெண்டைக்காய், கத்தரிக்காய், அவரை, கொய்யா. இசப்கோல் தினம் 10 கிராம் நிறையத் தண்ணீரோடு எடுத்தால் அதுவே எல்.டி.எல்.லை 5 சதவீதத்துக்கு மேல் இறக்கும். மற்ற மாத்திரைகளுக்கும் அதற்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். ட்ரைகிளிசரைடு 190-க்குக் காரணம் பெரும்பாலும் சோற்றின் அளவும் டீயில் போடும் சர்க்கரையும் பிஸ்கட்டுமாக இருக்கும். தினம் அரை மணி நேர நடை அதற்கு நன்றாகக் கேட்கும்.

ஒரு எச்சரிக்கை. கொழுப்பு என்று சொன்னதும் முட்டை, மீன், பருப்பு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ரசம் சோறு மட்டும் சாப்பிடும் அம்மாக்களை நிறையப் பார்க்கிறேன். ஆறு மாதத்தில் கொலஸ்ட்ராலோடு சேர்ந்து தசையும் கரைந்து, பாத்ரூமில் விழுந்து இடுப்பு எலும்பு முறிகிறது. உங்கள் வயதில் சதை போவது கொலஸ்ட்ராலுக்குச் சளைத்த ஆபத்து இல்லை. முட்டை தினம் ஒன்று சாப்பிடலாம்.

இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தால் எல்.டி.எல். 10 முதல் 15 சதவீதம் இறங்கும். உங்கள் 172, 150-க்குப் பக்கத்தில் வரும். நீங்கள் நிறுத்திய அந்த 10 மி.கி. மாத்திரை 35 சதவீதத்துக்கு மேல் இறக்கி, 110-க்குப் பக்கத்தில் கொண்டுவரும். எல்.டி.எல். ஒவ்வொரு 39 புள்ளி இறங்கும்போதும் மாரடைப்பு, பக்கவாத வாய்ப்பு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது என்பது பெரிய ஆய்வுகள் பலவற்றைச் சேர்த்துப் பார்த்துக் கண்டது. 68 வயது, ஏழு வருட பிரஷர், 172. இந்த மூன்றும் சேர்ந்தால் சாப்பாடு மட்டும் போதாது என்பதே என் கருத்து. ஆனால் அவசரம் இல்லை. தைராய்டு சரியாக இருந்து, அந்த நடைவலியும் இல்லை என்றால், டாக்டரிடம் சொல்லிவிட்டு மூன்று மாதம் சாப்பாட்டை மாற்றிப் பாருங்கள். அப்போதும் 130-க்கு மேல் நின்றால் மாத்திரை வேண்டும். அதே மாத்திரைதான் என்றில்லை. ரோசுவாஸ்டாட்டின் 5 மி.கி. என்று மாற்றலாம், ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுக்கலாம், ஸ்டாட்டினே ஒத்துக்கொள்ளாவிட்டால் எசெடிமைப் இருக்கிறது, அது தனியாக 20 சதவீதம் அளவுக்குக் குறைக்கும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. மாரடைப்பு வந்தவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள், பக்கவாதம் வந்தவர்கள் மூன்று மாதம் சாப்பாட்டில் பார்க்கிறேன் என்று நிறுத்தவே கூடாது. அவர்களுக்கு எல்.டி.எல். 70-க்குக் கீழே, பலருக்கு 55-க்குக் கீழே இருக்க வேண்டும். 75 தாண்டியவர்களுக்கு, இதய நோய் இல்லாத நிலையில் புதிதாகத் தொடங்குவதற்கு ஆதாரம் குறைவு. அவரவர் உடம்பைப் பார்த்துப் பேசி முடிவு செய்ய வேண்டிய விஷயம் அது. ஏற்கெனவே ஒழுங்காகப் போட்டு வருபவர்கள் வயதைக் காரணம் காட்டித் தாங்களாக நிறுத்த வேண்டாம்.

மகன் வாங்கிய பூண்டு மாத்திரை கேட்டீர்களே. பூண்டால் இறங்குவது மிகக் கொஞ்சம், ஆஸ்பிரின் போடுபவர்களுக்கு ரத்தக் கசிவைக் கூட்டவும் செய்யும். பூண்டை மீன் குழம்பில் போட்டுக்கொள்ளுங்கள். மகனை அந்தக் காசில் உங்களைக் கூட்டிக்கொண்டு போய் டி.எஸ்.எச். எடுக்கச் சொல்லுங்கள். பிரஷர் மாத்திரை அட்டை, நிறுத்திய மாத்திரை அட்டை, அந்தப் பூண்டு டப்பா மூன்றையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள்.