நியூஃபவுண்ட்லாந்து காட் மீன்: பிடி வரம்பைக் கூட்டலாமா?

கூட்டாதீர்கள். வடக்குக் காட் (கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் வாழும் காட் மீன் கூட்டம்), மீன் இருப்பின் நிலையைச் சொல்லும் 'நெருக்கடி' மண்டலத்தைத் தாண்டி 'எச்சரிக்கை' மண்டலத்துக்கு வந்துவிட்டதே, வரம்பையும் அதற்கேற்ப ஏற்றினால் என்ன என்கிறீர்கள். ஆனால் 2023-ல் நகர்ந்தது பெரும்பாலும் கோடுதான், மீன் இல்லை. கனடா மீன்வளத் துறை மீன் இருப்புக் கணக்கீட்டு மாதிரியை 1954 வரை பின்னோக்கி நீட்டியதும், இந்த இரண்டு மண்டலங்களையும் பிரிக்கும் கோடே கீழே இறங்கிவிட்டது.

இந்தப் புதுக் கணக்கீட்டு மாதிரியை மட்டும் எடுத்து, 2017-லிருந்து முட்டையிடும் மீன்களின் மொத்த எடையை வருடவாரியாக வரிசையாக வைத்துப் பாருங்கள். அந்த எண்கள் ஏறாமல் தட்டையாகக் கிடந்தால் பிடி வரம்பைக் கூட்ட இடமில்லை. பழைய அறிக்கையின் எண்ணைப் புது எண்ணோடு சேர்த்துப் பார்க்கவே வேண்டாம், இல்லாத வளர்ச்சி தெரியும்.

அப்புறம், இரையான கேப்லின் மீன் குறைந்தால் வலை போடாமலேயே காட் சாகும், அதனால் பிடி வரம்பைக் குறைத்தாலே காட் பெருகிவிடும் என்றும் சொல்லமுடியாது. 1992-ல் போட்ட காட் மீன்பிடித் தடையை 2024-ல் நீக்கியபோது வைத்த 18,000 டன் பிடி வரம்பே என்னைக் கேட்டால் அதிகம்.