தீபாவளி யாருக்கு லீவு?

இந்த முறை வந்த கேள்விகள் முக்கால்வாசி ஒரே விஷயத்தைச் சுற்றித்தான். வட்ஸ்அப்பில் ‘இலங்கை விடுமுறை நாட்கள்’ என்று ஒரு ஐசிஎஸ் கோப்பு, அதாவது கலண்டர் செயலிகள் வாசிக்கும் கோப்பு, ஊர் ஊராகப் போயிருக்கிறது. ஃபோனில் உள்ள கலண்டரில் அதை ஏற்றினால், வருடத்தின் லீவு முழுவதும் ஒரே தரத்தில் வந்து உட்கார்ந்துவிடும். உட்கார்ந்த பிறகுதான் சந்தேகங்கள் எழும்பியிருக்கின்றன. பிரதேச செயலகத்தில் முகாமைத்துவ உதவியாளராக இருந்த காலமெல்லாம் விடுமுறைச் சுற்றறிக்கையைக் கோவையில் போட்டு வைத்தது நான்தான் என்று பத்திரிகை ஆசிரியருக்குத் தெரியும். எல்லாவற்றையும் என் தலையிலேயே கட்டிவிட்டார்.

எனக்குக் கல்முனையில் புடவைக் கடை, அக்கா. வந்த கோப்பை ஏற்றினேன். தீபாவளி, சிவராத்திரி, ஹஜ் எல்லாம் விடுமுறை என்று காட்டுகிறது. கணக்கு எழுதுகிற தம்பி, ‘அதெல்லாம் கடைக்கு லீவு இல்லை’ என்கிறார். யார் சொல்வது சரி?
– கடை உரிமையாளர், கல்முனை

தம்பி சொல்வது சரி. கோப்பும் பொய் சொல்லவில்லை. யாருக்கு லீவு என்பதைச் சொல்லாமல் விட்டதுதான் அதன் குறை.

நம் நாட்டில் விடுமுறை மூன்று வகை. அரச அலுவலகங்களுக்குப் பொது விடுமுறை, வங்கிகளுக்கு வங்கி விடுமுறை, தனியார் கடை கந்தோர்களுக்கு வர்த்தக விடுமுறை. வர்த்தக விடுமுறை எட்டே எட்டு நாட்கள்தான்: தைப்பொங்கல், சுதந்திர தினம், புத்தாண்டுக்கு முதல் நாள், புத்தாண்டு, மே தினம், வெசாக்குக்கு மறுநாள், மீலாதுன் நபி, நத்தார். தீபாவளி அதில் இல்லை. சிவராத்திரி இல்லை, பெரிய வெள்ளி இல்லை, நோன்புப் பெருநாளும் ஹஜ்ஜுப் பெருநாளும் இல்லை. பெருநாளன்று கல்முனையில் யார் புடவைக் கடை திறக்கப் போகிறார்கள் என்று கேட்பீர்கள். அது ஊர் வழக்கம். சம்பளப் பட்டியல் எழுதும்போது சட்டம் வேறு.

போயாவைத் தனியாகப் பார்க்க வேண்டும். அது அந்த எட்டுக்குள் வராது, ஆனால் 1971ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க விடுமுறைகள் சட்டப்படி ஒவ்வொரு பூரணையும் லீவுதான். அன்று ஊழியரை வேலைக்கு எடுத்தால் ஒன்றரை நாள் சம்பளம் கணக்குப் பண்ண வேண்டும். அதனால் ‘கடைக்குத் தேவையில்லை’ என்று போயாவையும் சேர்த்து அழித்துவிடாதீர்கள். (1966 முதல் 1971 வரை இந்த நாட்டில் சனி ஞாயிறு லீவே கிடையாது, வாரத்துக்கு ஒரு போயா என்று வைத்து, அந்தப் போயாவும் அதற்கு முதல் நாளும்தான் வார லீவு. அந்த நேரம் ஃபோன் கலண்டர் இருந்திருந்தால் அதைச் செய்தவன் பாடு பெரும்பாடு.)

நான் செய்வது இதுதான்: ஒவ்வொரு நாளின் பெயரிலேயே வகையையும் எழுதிவிடுவேன். ‘தீபாவளி – அரச, வங்கி’. ‘மே தினம் – எல்லோருக்கும்’. நிறம் போட்டுப் பிரிப்பதை நம்ப வேண்டாம், ஒரு ஃபோனிலிருந்து இன்னொரு ஃபோனுக்குப் போகும்போது நிறம் கூடவே போகும் என்று சொல்ல முடியாது. எழுத்து போகும்.

அடுத்த வருட விடுமுறைகளை நானே கோப்பாகச் செய்து எங்கள் வகுப்புப் பெற்றோர் குழுவுக்கு அனுப்பலாம் என்று இருக்கிறேன். எங்கே தொடங்குவது? அனுப்பிய பிறகு திகதி மாறினால் என்ன செய்வது?
– ஆசிரியை, களுவாஞ்சிகுடி

இரண்டாவது கேள்வியை முதலில் எடுக்கிறேன், தங்கச்சி. கோப்பு என்பது போட்டோப் பிரதி மாதிரி. கையை விட்டுப் போனால் போனதுதான், பிறகு நீங்கள் மூலத்தில் திருத்துவது அவர்களிடம் உள்ளதில் தெரியாது. 2024 செப்டெம்பர் 21 சனிக்கிழமை ஜனாதிபதித் தேர்தல். 23 திங்கள் திடீரென்று விசேட விடுமுறை ஆக்கினார்கள். முந்திய டிசம்பரில் செய்த எந்தக் கோப்பில் அது இருந்திருக்கும்?

ஆகவே கோப்பை விட இணைப்பு நல்லது. கணினியில் கூகுள் கலண்டரைத் திறந்து புதிதாக ஒரு கலண்டர் உருவாக்குங்கள். ‘விடுமுறை – எங்கள் வகுப்பு’ என்று எதையாவது பெயராக வையுங்கள். நாட்களை அதற்குள் போடுங்கள். அமைப்புப் பக்கத்தில் அதைப் பொதுவாக்கினால், ஐகால் வடிவில் (அதுவும் ஐசிஎஸ்தான்) ஒரு பொது முகவரி கிடைக்கும். அதைத்தான் அனுப்ப வேண்டும். அதே பக்கத்தில் ‘இரகசிய முகவரி’ என்று இன்னொன்றும் இருக்கும், அதைத் தொடாதீர்கள். உங்கள் சொந்தக் கலண்டரைப் பொதுவாக்கும் வேலையும் வேண்டாம். கிளினிக் திகதியிலிருந்து சீட்டுக் கட்டும் நாள் வரை பெற்றோர் எல்லோரும் வாசிப்பார்கள்.

ஐஃபோன் உள்ளவர் அந்த முகவரியைச் சந்தா கலண்டராகச் சேர்த்துக்கொள்ளலாம். கூகுள் கலண்டர் பாவிப்பவர் கணினியில் ‘மற்றக் கலண்டர்கள்’ என்பதன் கீழ் முகவரியை ஒட்ட வேண்டும், ஃபோன் செயலிக்குள் அந்த இடம் இல்லை. வீட்டில் கணினி இல்லாத பெற்றோர்தானே அதிகம்? அவர்களுடைய ஜீமெயில் முகவரியை வாங்கி, ‘பார்க்க மட்டும்’ என்ற அனுமதியோடு பகிர்வுப் பட்டியலில் நீங்களே சேர்த்துவிடுங்கள். மின்னஞ்சலில் வரும் இணைப்பை அவர்கள் ஒரு தரம் தட்டினால் போதும். கொஞ்சம் சிரமமான வேலைதான், ஆனால் ஒரு வகுப்பு அளவுக்குச் செய்யலாம்.

முகவரி ஒட்டிச் சேர்த்தவர்களுக்கு நீங்கள் செய்யும் திருத்தம் உடனே போய்ச் சேராது, ஒரு நாள்கூட எடுக்கும். இரவு அறிவித்து விடிந்தால் லீவு என்கிற கூத்துக்கு வட்ஸ்அப்தான் வழி.

இல்லை, கோப்புத்தான் வேண்டும் என்றால் அதே கலண்டரிலிருந்து ஏற்றுமதி செய்யலாம். ஒரு சிப் (zip) கோப்பு, அதாவது சுருக்கிய கோப்பு, இறங்கும், அதற்குள் ஐசிஎஸ் இருக்கும். வாங்குகிறவர்களிடம் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள்: முதலில் வெறும் கலண்டர் ஒன்றை உருவாக்கி, அதற்குள் ஏற்ற வேண்டும். சொந்தக் கலண்டருக்குள் கொட்டிவிட்டால் பிறகு ஒவ்வொன்றாகத்தான் பொறுக்க வேண்டும். தனிக் கலண்டர் என்றால் முழுவதையும் ஒரே தரத்தில் அழித்துவிடலாம்.

நாட்களைப் போடும்போது ‘வருடா வருடம் திரும்ப’ என்பதைச் சுதந்திர தினம், மே தினம், நத்தார் ஆகிய மூன்றுக்கு மட்டும் கொடுங்கள். பொங்கல் 2024இல் ஜனவரி 15, 2025இல் 14, 2026இல் மறுபடி 15. சித்திரைப் புத்தாண்டு விடுமுறைகூட 2024இல் ஏப்ரல் 12, 13 என்று வந்தது, அடுத்த வருடம் 13, 14. போயாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

எக்செலில் பட்டியல் போட்டு சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துப் பட்டியல்) ஆக ஏற்றுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கூகுள் மாதத்தை முதலில் வாசிக்கும். நாம் எழுதுகிற மாதிரி 04/02 என்று போட்டால் சுதந்திர தினம் ஏப்ரல் இரண்டில் போய் விழும்.

ரொறன்ரோவில் இருக்கும் மகனுக்கு நான் செய்த கோப்பை அனுப்பினேன். 15ஆம் திகதிப் பொங்கல் அவனுடைய ஃபோனில் 14 பகலிலேயே தொடங்குகிறதாம்.
– ஓய்வுபெற்ற தபால் அதிபர், அக்கரைப்பற்று

பொங்கலை ‘முழு நாள்’ என்று போடாமல், இரவு 12 மணியிலிருந்து அடுத்த 12 மணி வரை என்று நேரம் கொடுத்திருக்கிறீர்கள், ஐயா. கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள், அது வெறும் எழுத்துக் கோப்புத்தான். தொடக்க வரியில் 20260114, பிறகு ஒரு ‘டீ’ எழுத்து, பிறகு 183000, கடைசியில் ஒரு ‘இசட்’ எழுத்து இருக்கும். அந்த ‘இசட்’ உலகப் பொது நேரத்தைக் குறிக்கிறது. நாம் அதற்கு ஐந்தரை மணி முன்னால் இருப்பதால் நமக்கு அது 15ஆம் திகதி நள்ளிரவு. ஜனவரியில் ரொறன்ரோ அதற்கு ஐந்து மணி பின்னால், ஆகவே மகனுக்கு 14ஆம் திகதி பகல் 1.30.

முழு நாள் என்று போட்டால் நேரமே இருக்காது, 20260115 என்ற எட்டு இலக்கம் மட்டும் நிற்கும். அது எந்த நாட்டுக்குப் போனாலும் 15தான். முடிவு வரியில் 20260116 என்று கண்டால் பிழை என்று நினைத்துத் திருத்திவிடாதீர்கள். இந்தக் கோப்பில் முடிவு நாள் என்பது ‘அந்த நாள் வருமுன்’ என்ற கணக்கு.

தமிழில் அடித்து அனுப்பினால் மற்றவர்களுக்கு ஆங்கில எழுத்துக் குப்பையாக வருகிறது. சிலருக்கு வெறும் கேள்விக்குறி.
– மாணவி, ஏறாவூர்

ஆங்கிலக் குப்பை வந்தால் நீங்கள் அடித்தது பாமினியில், மகள். அந்த எழுத்துரு எங்கள் கந்தோர்க் கடிதங்களோடு இருக்கட்டும், கலண்டருக்கு எல்லா ஃபோனும் வாசிக்கும் யூனிகோட்டில் அடியுங்கள். கேள்விக்குறி வந்தால், சேமிக்கும்போது யூடிஎஃப்-8 என்ற எழுத்துச் சேமிப்பு முறையைத் தெரிவு செய்யவில்லை. எக்செலிலும் சிஎஸ்வியில் இரண்டு மூன்று வகை காட்டும், யூடிஎஃப்-8 என்று போட்டிருப்பதை எடுங்கள்.

எங்கள் ஊர் அம்மன் குளிர்த்தி, மாமாங்கத் தீர்த்தம் எதுவும் அந்தக் கோப்பில் இல்லை. நாமே சேர்க்கலாமா?
– கோயில் பரிபாலன சபை உறுப்பினர், செட்டிபாளையம்

சேர்க்கத்தான் வேண்டும். கொழும்பில் இருந்து செய்கிறவருக்கு வைகாசியில் செட்டிபாளையத்திலும் காரைதீவிலும் தம்பிலுவிலிலும் கண்ணகி அம்மனுக்குக் கதவு திறக்கும் சங்கதி எப்படித் தெரியும்? ஆனால் அரச விடுமுறைக் கலண்டருக்குள் கலக்காதீர்கள். ‘ஊர்த் திருவிழா’ என்று தனிக் கலண்டர், தனி இணைப்பு. கலந்துவிட்டால் குளிர்த்தியன்று வங்கி பூட்டு என்று நினைத்து ஒருவர் செக்கைக் கையில் வைத்துக்கொண்டிருப்பார்.

திகதியை வருடா வருடம் புதிதாகப் போடுங்கள். அமிர்தகழி மாமாங்கேஸ்வரருக்கும் திருக்கோவில் சித்திரவேலாயுதருக்கும் தீர்த்தம் ஆடி அமாவாசையில். அது 2025இல் ஜூலை 24, 2026இல் ஆகஸ்ட் 12. கிட்டத்தட்ட மூன்று வாரம் தள்ளிப் போகிறது. வாக்கியப் பஞ்சாங்கமா திருக்கணிதப் பஞ்சாங்கமா என்று உங்கள் சபைக்குள்ளேயே இழுபறி இருந்தால், அதைத் தீர்த்துவிட்டுக் கலண்டரில் கை வையுங்கள். கொடியேற்றம், தேர், தீர்த்தம் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் போட்டு, குறிப்பில் பூசை நேரத்தையும் எழுதிவிட்டால் வெளிநாட்டில் இருப்பவர்கள் ரிக்கெட் போட முதல் பார்த்துக்கொள்வார்கள்.

நான் முஸ்லிம் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கிறேன். என் பிள்ளைகளும் அங்கேதான். அந்தக் கோப்பில் உள்ள பாடசாலைத் தவணை எங்களுக்குப் பொருந்தவே இல்லை. பெருநாள் திகதியையும் நம்ப முடியவில்லை.
– ஆசிரியை, சம்மாந்துறை

பொருந்தாது. கோப்பில் இருப்பது தமிழ், சிங்களப் பாடசாலைகளின் தவணை. முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு மாத விடுமுறையை வைத்துக் கல்வி அமைச்சு வேறு தவணை அட்டவணை கொடுக்கிறது. கல்முனைப் பக்கம் ஒரே மதிலின் இரண்டு பக்கமும் உள்ள வீடுகளில் ஒரு வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூடம் போகும், மற்ற வீட்டுப் பிள்ளை தூங்கும். நம் பகுதியில் இதைக் கவனிக்காமல் ‘பாடசாலை விடுமுறை’ என்று மொட்டையாக எழுதிப் பரப்புவது எனக்குப் பிடிக்காத வேலை. எந்தப் பாடசாலை என்று தலைப்பிலேயே போட வேண்டும். ஒரே வகைப் பாடசாலைக்கு ஒரு கலண்டர் என்று பிரித்துவிட்டால் இன்னும் நல்லது, தேவையானவர் தேவையானதைச் சேர்த்துக்கொள்ளலாம்.

பெருநாள் விஷயத்தில் வர்த்தமானியில் வருவது முன்கூட்டிப் போட்ட கணக்கு. பெருநாளைத் தீர்மானிப்பது பிறை. கொழும்பு பெரிய பள்ளிவாசலில் கூடி அறிவிக்கும் இரவு வரை எந்தக் கலண்டரும் உறுதி சொல்ல முடியாது. தலைப்பில் ‘பிறை பார்த்து’ என்று இரண்டு சொல் சேர்த்து வையுங்கள். அறிவித்ததும் நாளை மாற்ற வேண்டி வந்தால், பழையதை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்று எழுதாதீர்கள், அந்தப் பதிவையே திறந்து திகதியை நகர்த்துங்கள். ஒவ்வொரு பதிவுக்கும் உள்ளே ஓர் அடையாள எண் உண்டு. கோப்பை மறுபடி அனுப்பும்போது அந்த எண் அப்படியே இருந்தால் பல செயலிகள் பழையதை மாற்றிக்கொள்ளும். எண் மாறினால் இரண்டு பெருநாள் காட்டும்.

விடுமுறைக் கலண்டர் என்று ஓர் இணைப்பைத் தட்டினேன். இப்போது ஐஃபோனில் தினமும் ‘உங்கள் ஃபோனில் வைரஸ்’ என்று நினைவூட்டல் வருகிறது.
– இளைஞர், வாழைச்சேனை

வைரஸ் இல்லை, தம்பி. யாரோ விளம்பரக்காரனின் கலண்டருக்குச் சந்தாதாரர் ஆகிவிட்டீர்கள். அந்த நினைவூட்டலுக்குள் உள்ள எதையும் தட்டாதீர்கள். அமைப்புகளில் கலண்டர் (புதிய ஐஓஎஸ் என்றால் முதலில் ‘செயலிகள்’, அதற்குள் கலண்டர்), பிறகு கணக்குகள், பிறகு சந்தா கலண்டர்கள் என்று போனால் பெயர் தெரியாத ஒன்று நிற்கும், அழித்துவிடுங்கள். நினைவூட்டல்களை ஒவ்வொன்றாக அழித்துப் பயனில்லை, சந்தாவை வெட்டினால் எல்லாம் சேர்ந்து போகும். இணைப்பை அனுப்பிய நண்பருக்கும் சொல்லுங்கள், அவருடைய ஃபோனும் இந்நேரம் அலறிக்கொண்டுதான் இருக்கும்.