கிளவுடியா நிஸ்டாட் ஓய்வுக்குப் பிறகும் ஒலிம்பிக் பதக்கம் வென்றாரா?

ஆமாம், வென்றார். கிராஸ் கன்ட்ரி பனிச்சறுக்கில் எனக்கு மிகவும் பிடித்த ஜெர்மானியர் அவர்தான். 2002 சால்ட் லேக் சிட்டியில் தொடரோட்டத் தங்கம் வென்றபோது அவர் பெயர் கிளவுடியா குன்செல். 2006 டுரினில் இரண்டு வெள்ளி. உச்சம் என்றால் 2010 வான்கூவர் அணி ஸ்பிரின்ட் (குறுந்தூரப் பந்தயம்)தான். இருவர் அணி, ஆளுக்கு மூன்று சுற்று, மாறி மாறி. எவி சாக்கன்பாக்கர்-ஷ்டேலவுடன் இறங்கியவர், கடைசிச் சுற்றின் இறுதி நேர்பாதையில் ஸ்வீடனின் அன்னா ஹாகை முந்தித் தங்கம் வென்றார். ஒரு வினாடிகூட வித்தியாசம் இல்லை! அந்த முறை தொடரோட்டத்தில் வெள்ளியும் கிடைத்தது. அத்தோடு ஓய்வு.

அப்புறம் திரும்பி வந்தார். 2014 சோச்சி தொடரோட்டத்தில் வெண்கலம், 36 வயதில். மொத்தம் ஆறு ஒலிம்பிக் பதக்கங்கள். இந்தக் கடைசி வெண்கலத்தைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.