மூன்று நிமிடம் ஆடிய பையன்

வணக்கம் ஐயா. என் மகன் நான்காம் படிவம். பள்ளியின் 18 வயதுக்குட்பட்டோர் கூடைப்பந்துக் குழுவில் இருக்கிறான். பன்னிரண்டு பேரில் அவன் ஒருவன்தான் தமிழ்ப் பையன். மாவட்டப் போட்டியில் நான்கு ஆட்டம், மொத்தமே மூன்று நிமிடம்தான் இறக்கினார்கள். இப்போது இரண்டாம் குழுவுக்குப் போகச் சொல்கிறார்களாம். நாங்கள் தோட்டத்துக்காரர்கள் என்பதாலா? பள்ளிக்குப் போய்ச் சண்டை போடலாம் போலிருக்கிறது. கூடைப்பந்து நட்சத்திரம் மைக்கேல் ஜோர்டனையே பள்ளிக் குழுவிலிருந்து விரட்டினார்களாம் என்று அவன் அப்பா ஆறுதல் சொல்கிறார். பையன் சரியாகச் சாப்பிடுவதில்லை.

– ஒரு தாய், பத்தாங் பெர்ஜுந்தை, மலேசியா

அன்புத் தங்கைக்கு,

ஜோர்டனை யாரும் விரட்டவில்லை. 1978இல், வட கரோலினாவின் வில்மிங்டன் நகரில், லேனி உயர்நிலைப் பள்ளியில் அவரை இரண்டாம் குழுவில் போட்டார்கள். அப்போது அவர் உயரம் ஐந்தடி பத்தங்குலம். முதல் குழுவுக்கு ஆறடி ஏழங்குல லெராய் ஸ்மித்தை எடுத்தார்கள். குழுவுக்கு உயரம் வேண்டியிருந்தது. இந்தக் கதையில் எல்லோரும் விட்டுவிடுவது பிற்பாதியை. இரண்டாம் குழுவில் ஜோர்டன் உட்கார்ந்திருக்கவில்லை, ஆடினார். ஒரே ஆட்டத்தில் 40 புள்ளி எடுத்த நாட்களும் உண்டு. மறு ஆண்டு வளர்ந்து முதல் குழுவுக்கு வந்தார்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். முழு ஆட்டம் 40 நிமிடம், களத்தில் ஐந்து பேர். ஆக, பகிர்ந்து கொடுக்க 200 நிமிடம். பன்னிரண்டு பேருக்கும் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 16 நிமிடம் 40 விநாடி. ஜெயிக்க நினைக்கும் பயிற்றுநர் முதல் ஐவருக்கு முப்பது முப்பது கொடுத்தால் மிச்சம் ஐம்பதுதான், அதற்கு ஏழு பேர். மாவட்டப் போட்டியில் அப்படித்தான் நடக்கும். அதனால்தான் சொல்கிறேன், பதினாறு வயதுப் பையனுக்கு முதல் குழுவின் பெஞ்சைவிட இரண்டாம் குழுவின் களம் மேல். பல்கலைக்கழக நுழைவில் விளையாட்டு, கழகம் போன்ற புறப்பாடத்துக்கு 10 விழுக்காடு இருப்பதால் முதல் குழு என்ற பெயரை விட நமக்கு மனம் வராது. எனக்குப் புரிகிறது. ஆனால் பெயரால் கை பழகாது.

'தோட்டத்துக்காரர்கள் என்பதாலா?' என்ற கேள்வியை நான் தள்ளிவிட மாட்டேன். அப்படி நடப்பதும் உண்டு. ஆனால் இதையும் பாருங்கள்: அவனோடு ஆடும் சீனப் பையன்கள் பலர் ஆரம்பப் பள்ளியிலேயே வளையத்தின் கீழ் வளர்ந்தவர்கள். நம் பிள்ளைகள் பெரும்பாலும் முதலாம் படிவத்தில்தான் அந்தப் பந்தைத் தொடுகிறார்கள். எந்தக் காரணம் என்று இங்கிருந்து நான் சொல்ல முடியாது. பயிற்றுநர் சொல்ல வேண்டும். சொல்வது அவர் கடமை.

அந்தக் கடமையில் நானே தவறியிருக்கிறேன். ஆசிரியராக இருந்தபோது சில காலம் ஒரு குழுவுக்குப் பொறுப்பாக இருந்தேன். ஒரு வருடம் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டுக் காருக்கு நடந்தேன். திரும்பிப் பார்த்தால் ஒரு பையன் பெயர்களின் மேல் விரலை வைத்து மேலிருந்து கீழே வருகிறான். முடிந்ததும் மறுபடி மேலிருந்து தொடங்கினான். அவன் பெயர் அதில் இல்லை என்று எனக்குத் தெரியும். நான் காரில் ஏறிவிட்டேன். இரண்டு நிமிடம் அவனோடு நின்றிருக்கலாம். இன்றும் அது உறுத்துகிறது.

ஆகவே, முதலில் நீங்கள் போக வேண்டாம். அவன் போகட்டும். ஆட்டம் முடிந்த சூட்டில் அல்ல, பயிற்சிக்கு முன்னால், தனியாக. 'சிக்கு (ஆசிரியரே), நான் எதைச் சரிசெய்யணும்? இரண்டாம் குழுவுல எனக்கு எவ்வளவு நேரம் ஆட்டம் கிடைக்கும்?' இந்த இரண்டு கேள்வி போதும். 'உன் இடக்கை சரியில்லை' என்று பதில் வந்தால் அது நல்ல பதில். இடக்கையால் பந்து தட்டிப் பழக மண்டபத்துச் சிமெண்டுத் தரை போதும், தினம் அரை மணி நேரம்.

மழுப்பலான பதில் வந்தாலோ, இரண்டாம் குழுவிலும் பெஞ்சிலேயே வைத்தாலோ, அப்போது நீங்கள் போங்கள். எந்தெந்த ஆட்டம், எத்தனை நிமிடம் என்று எழுதி எடுத்துப் போங்கள். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் எழுதுங்கள், நான் வருகிறேன்.