பயிற்சி முடிந்தும் வகுப்பு மாறவில்லையே, ஏன்? – கேள்வி பதில்

தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியர்: பிள்ளைகளை வகுப்புவாரியாக அல்லாமல் வாசிக்கும் நிலைவாரியாகக் குழு பிரித்து நடத்தும் நிலைவாரிக் கற்பித்தலுக்குப் பயிற்சி முடிந்தது, வாசிப்பு அட்டைகளும் வந்தன. இரண்டே மாதத்தில் வகுப்பு பழையபடி ஆகிவிட்டது. ஆசிரியர்களுக்கு ஆர்வம் இல்லையா சார்?

ஆர்வத்தின் மேல் பழி போடாதீர்கள். 2008 முதல் 2010 வரை பிரதம் என்னும் கல்வித் தொண்டு அமைப்பு இதே முறையைப் பீகார், உத்தராகண்ட் அரசுப் பள்ளிகளுக்குக் கொண்டுபோனது. ஜே-பால் என்னும் வறுமை ஒழிப்பு ஆய்வு அமைப்பின் ஆய்வாளர்கள் பள்ளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து அளந்தார்கள். பயிற்சியும் கற்றல் பொருள்களும் மட்டும் கிடைத்த பள்ளிகளில் வாசிப்பு உயரவில்லை. ஆனால் பீகாரில் அரசு ஆசிரியர்களே கோடை முகாமில் நடத்தியபோது உயர்ந்தது. முகாமில் பாடப்பகுதியை முடிக்கும் நெருக்கடி இல்லை. பள்ளி நாளில் அது எல்லாவற்றையும் விழுங்கிவிடுகிறது. உத்தராகண்டில் இதற்கென உதவ வந்த தன்னார்வலர்களையும் வழக்கமான வகுப்பெடுக்க இழுத்துக்கொண்டார்கள், பலன் போயிற்று.

2012–13இல் ஹரியானாவில் அமைப்பையே மாற்றினார்கள். தினமும் ஒரு மணி நேரம் இதற்கென்றே ஒதுக்கப்பட்டது. அந்த நேரத்தில் பிள்ளைகள் வகுப்புவாரியாக அல்ல, வாசிக்கும் நிலைவாரியாக உட்கார்ந்தார்கள். மேற்பார்வையாளர்கள் முதலில் தாங்களே பாடம் நடத்திப் பழகினார்கள், பிறகுதான் ஆசிரியர்களுக்குக் கைகொடுத்தார்கள். இந்தி வாசிப்பு உயர்ந்தது. கணக்கு அசையவில்லை, அந்த நேரத்தில் கணக்கு நடத்தவே இல்லை. நேரம் எதற்குப் போகிறதோ அதுதான் வளரும். ஆகவே கால அட்டவணையை எடுத்து, எந்தப் பாடவேளையை விடப்போகிறோம் என்று எழுத்தில் முடிவு செய்யுங்கள். எதையும் விடாமல் புதிதைச் சேர்த்தால் முதலில் உதிர்வது புதிதுதான்.

ஈராசிரியர் பள்ளி ஆசிரியை: ஐந்து வகுப்புக்கும் நாங்கள் இரண்டு பேர். அரும்பு, மொட்டு, மலர் என மூன்று குழு எப்படிப் பிரிப்பது?

இரண்டு போதும் மேடம். சொல் வாசிக்கத் தெரியாதவர்கள் ஒன்று, தெரிந்தவர்கள் ஒன்று. எல்லா வகுப்புக்கும் ஒரே மணி நேரமாக வையுங்கள். நேரம் வேறுபட்டால் கலந்து உட்கார வைக்கவே முடியாது. 1, 2ஆம் வகுப்பில் பெரும்பாலோர் முதல் குழுவில்தான் வருவார்கள். அது பெருத்துவிட்டால், இரண்டாம் குழுவை இருவர் இருவராகக் கதை அட்டைகளோடு உட்கார வைத்துவிட்டு அந்த ஆசிரியரும் பாதி நேரம் முதல் குழுவுக்கு வரலாம். அனுபவம் மிகுந்தவர் முதல் குழுவை எடுக்கட்டும். பல பள்ளிகளில் இது தலைகீழாக நடப்பதுதான் வேதனை.

அதே ஆசிரியை: நிலையை எப்படிக் கண்டுபிடிப்பது? எழுத்துத் தேர்வு போதுமா?

போதாது. பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதிவிடும். தனியாக அழைத்து வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். எளிய பத்தியில் தொடங்குங்கள். தட்டுத்தடுமாறாமல் வாசித்தால் கதைக்கு ஏற்றுங்கள். திணறினால் சொற்களுக்கு இறக்குங்கள். ஐந்து சொல்லில் நான்கு சரியென்றால் சொல் நிலை. இல்லையென்றால் எழுத்துகள், அங்கும் அதே கணக்கு. ஒரு பிள்ளைக்குச் சில நிமிடம்தான் ஆகும்.

ஒரு தாய்: நாலாவது படிக்கும் மகனை ‘அரும்பு’ என்ற அடி நிலைக் குழுவில் போட்டிருக்கிறார்கள். மனசு வாடிவிடுவானே?

அம்மா, குழு நிரந்தரமானால் வாடுவான். கடைசியாக எப்போது வாசிக்கச் சொல்லிப் பார்த்தீர்கள் என்று ஆசிரியரிடம் கேளுங்கள். மாதம் ஒருமுறையாவது பார்த்து, தேறியிருந்தால் அடுத்த நிலையான ‘மொட்டு’க்கு மாற்ற வேண்டும். ஒரு மணி நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் அவன் நாலாம் வகுப்பில்தான் இருக்க வேண்டும்.

ஆசிரியர் பயிற்றுநர்: பள்ளிப் பார்வையில் எதைப் பார்ப்பது?

பதிவேட்டைக் கடைசியில் பாருங்கள். ஒதுக்கிய நேரத்திலேயே போங்கள், வெவ்வேறு வகுப்புப் பிள்ளைகள் நிலைவாரியாக உண்மையில் கலந்து உட்கார்ந்திருக்கிறார்களா என்று பாருங்கள். கடைசி நிலையிலிருந்து மூன்று பிள்ளைகளை வாசிக்கச் சொல்லி, பதிவில் உள்ள நிலையோடு ஒப்பிடுங்கள். ஒத்துப்போகவில்லையென்றால் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை தராதீர்கள்; தந்தால் அடுத்த மாதம் எல்லோரும் மேல் நிலையான ‘மலர்’ ஆகிவிடுவார்கள், காகிதத்தில் மட்டும். ஆசிரியரோடு உட்கார்ந்து அந்த மூவரையும் மறுபடி வாசிக்க வைத்துப் பதிவைத் திருத்துங்கள். பிறகு பதினைந்து நிமிடம் அந்தக் குழுவுக்கு நீங்களே பாடம் நடத்திக் காட்டுங்கள்.