சம்பளம் பாதிதான் வருதுன்னு வீட்ல சொல்லல மேடம்

வணக்கம் மேடம். வயசு 31, ஊர் விருதுநகர் பக்கம். சோழிங்கநல்லூர்ல ஒரு பெரிய ஐ.டி. கம்பெனில ஏழு வருஷம் இருந்தேன், மாசக் கடைசில சம்பளம் டான்னு விழுந்துடும், ஆனா அதே ஸ்கிரீன், அதே டிக்கெட், மூளை துருப்பிடிச்ச மாதிரி ஆயிடுச்சு. அப்பதான் ஃப்ரெண்ட் ஒருத்தர் கூப்பிட்டு, பெருங்குடில 22 பேர் இருக்கற ஒரு ஸ்டார்ட்-அப்ல சேர்ந்தேன். 1,10,000 சம்பளம் 80,000 ஆச்சு, மிச்சத்துக்கு ஈசாப், அதாவது கம்பெனி ஷேர்ல ஸ்டாஃபுக்கு ஒரு உரிமை, தர்றோம்னாங்க. சென்னைல ஆரம்பிச்ச சாஃப்ட்வேர் கம்பெனி ஃப்ரெஷ்வொர்க்ஸ் ஷேர் மார்க்கெட்ல லிஸ்ட் ஆனப்ப ஐநூறு பேருக்கு மேல கோடீஸ்வரங்க ஆனாங்கல்ல, அது மனசுல ஓடுச்சு, பொய் சொல்லல.

முதல் எட்டு மாசம் நல்லா இருந்துச்சு மேடம். ஆஸ்பத்திரி பில்லிங் சாஃப்ட்வேர், நான் எழுதினது மறுநாளே ஒரு கவுன்டர்ல ஓடும், ராத்திரி பதினொரு மணி ஆனாலும் அலுப்பு தெரியாது. இப்ப ரெண்டு மாசமா பாதி சம்பளம்தான். முதலீடு பண்றவங்ககிட்டேர்ந்து வரவேண்டிய ஃபண்டிங் தள்ளிப் போகுதாம். ஃபவுண்டர் அவர் வீட்டயே அடமானம் வெச்சிட்டார், "கமிட்மென்ட் இருக்கறவங்க நில்லுங்க"ன்னு சொல்றார். மனைவி நாலு மாசம் முழுகாம இருக்கா, அவகிட்ட எதுவும் சொல்லல. என் மூணு பவுன் செயின அடகு வெச்சு இ.எம்.ஐ கட்டினேன், கொக்கி விட்டுப்போச்சு ரிப்பேருக்கு குடுத்திருக்கேன்னு சொல்லிட்டேன். ராத்திரி ரெண்டரைக்கு முழிப்பு வந்துடுது, போன் வெளிச்சத்த கொறச்சு பேங்க் பேலன்ஸ பாத்துட்டே கிடக்கேன்.

பழைய கம்பெனி டி.எல் (டீம் லீடர்) திரும்ப வான்னு கூப்பிடறார். போனா துரோகம் பண்ற மாதிரி இருக்கு. இன்னும் ரெண்டு மாசத்துல ஒரு வருஷம் முடியும், அப்பதான் ஈசாப் கைக்கு வரும். எனக்கு ரிஸ்க் எடுக்கற தைரியமே இல்லையா மேடம்?

*

அன்புள்ள தம்பிக்கு,

கடைசி கேள்விக்கு முதல்ல பதில் சொல்றேன். உங்க லெட்டர்லயே அது இருக்கு. மாசம் 30,000 கொறஞ்சப்ப உங்களுக்கு தூக்கம் போகல, எட்டு மாசம் சந்தோஷமா வேலை பாத்திருக்கீங்க. ஏழு வருஷம் பழகின சம்பளத்த விட்டுட்டு வர்றது தைரியம் இல்லாதவங்க செய்ற காரியமா? அந்த 30,000 போறது உங்களுக்கு தெரிஞ்சு, கணக்கு போட்டு, நீங்க சம்மதிச்சது. நான் ரிஸ்க்னு சொல்றது அதத்தான். இந்த ரெண்டு மாசமா நடக்கறது யாரும் உங்க சம்மதத்த கேக்காம உங்க மேல வந்து விழுந்தது, அத நீங்க உங்க மனைவி மேல அவங்களுக்கே தெரியாம வெச்சிருக்கீங்க. தூக்கத்த கெடுக்கறது பாதி சம்பளம் மட்டும் இல்லப்பா, அந்த ரிப்பேர் கதையும்தான்.

ஃபவுண்டர் வீட்ட அடமானம் வெச்சது பெரிய விஷயம்தான், அவர் நல்ல மனுஷனாவே இருக்கலாம். ஆனா கம்பெனில பெரும் பங்கு அவர்கிட்ட இருக்கு, அக்கவுண்ட்ல எத்தனை மாசத்துக்கு காசு இருக்குன்னு அவருக்கு தெரியும். உங்களுக்கு தெரியாது. அவரோட கமிட்மென்ட்டும் உங்களோடதும் ஒரே தராசுல நிக்காது. உங்களோடது வேலைய நேர்மையா, முழுசா செய்றது, அத செஞ்சுட்டுதான் இருக்கீங்க. அதனால நேரா போய் உக்காந்து கேளுங்க: இன்னும் எத்தனை மாசத்துக்கு காசு இருக்கு, பாக்கி சம்பளம் எப்ப வரும், அத மெயில்ல எழுதித் தருவீங்களா. இத கேட்டா கோவப்பட்டார்னா, எழுத முடியாதுன்னார்னா, நீங்க முடிவெடுக்க அதுவே போதும். இன்னொண்ணு, 20 பேரோ அதுக்கு மேலயோ இருக்கற கம்பெனி பி.எஃப் கட்டியே ஆகணும், அந்த மாசத்து பணத்த அடுத்த மாசம் 15ம் தேதிக்குள்ள. உங்க பி.எஃப் பாஸ்புக்க ஆன்லைன்ல தொறந்து பாருங்க, ஸ்லிப்ல பிடிச்ச பணம் அங்க ஏறலைன்னா இது வெறும் ஃபண்டிங் பிரச்சனை இல்ல.

ஈசாப் கைக்கு வரும்னு எழுதியிருக்கீங்க, அங்கதான் நிறைய பசங்க ஏமாந்து போறாங்க. ஒரு வருஷம் முடிஞ்சா பொதுவா கால் பங்குக்குத்தான் உரிமை வரும், முழுசா வர நாலு வருஷம் ஆகும். அதுவும் ஷேர வாங்கற உரிமைதான், ஷேர் இல்ல. வாங்க நீங்க காசு போடணும், வாங்கற அன்னிக்கு இருக்கற மதிப்புக்கும் நீங்க குடுத்த விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு சம்பளம் மாதிரி வரியும் உண்டு, அரசு அங்கீகாரம் உள்ள சில ஸ்டார்ட்-அப்புக்கு மட்டும் அந்த வரிய தள்ளிப்போட வழி இருக்கு. லிஸ்ட் ஆகாத கம்பெனி ஷேர நெனச்சப்ப விக்கவும் முடியாது. வேலைய விட்டா எத்தனை நாளுக்குள்ள வாங்கணும்னு ஈசாப் தந்தப்ப குடுத்த கிரான்ட் லெட்டர்ல இருக்கும், அத எடுத்து படிங்க. ஃப்ரெஷ்வொர்க்ஸ் 2010ல ஆரம்பிச்சு 2021 செப்டம்பர்லதான் அமெரிக்க ஷேர் மார்க்கெட்டான நாஸ்டாக்ல லிஸ்ட் ஆச்சு, பதினோரு வருஷம். அத்தனை வருஷம் காத்திருக்க வீட்ல சோறு நிக்காம வரணும் தம்பி. வெறும் இந்த ரெண்டு மாசத்துக்காக இருக்காதீங்க. வேலை பிடிச்சிருக்கு, பதில் நேர்மையா வந்துச்சு, வீட்லயும் சரின்னாங்க, அப்ப இருங்க.

துரோகம்னு சொல்றீங்களே, கைல இருக்கற வேலைய அடுத்தவங்களுக்கு ஒழுங்கா சொல்லிக்குடுத்து, நோட்டீஸ் நாள முடிச்சு கெளம்பறது எந்த ஊர்லயும் துரோகம் இல்ல. பழைய டி.எல் கிட்டயும் இன்னும் ஒரு வாரம் டைம் கேளுங்க, வாய் வார்த்தைய நம்பி இங்க பேப்பர் போடாதீங்க, ஆஃபர் லெட்டர் வரட்டும்.

இதுக்கெல்லாம் முன்னாடி வீட்ல பேசணும். முழுகாம இருக்கறவ மனசு நோகக்கூடாதுன்னு மறைச்சிருக்கீங்க, அது பாசம்தான், எனக்கு புரியுது. ஆனா ராத்திரி ரெண்டரைக்கு பக்கத்துல போன் வெளிச்சம் தெரியறது அவங்களுக்கு தெரியாதுன்னா நெனக்கறீங்க? எங்கிட்ட வர்ற மனைவிங்க பல பேர் சொல்றது, "பணம் போனது கூட பரவால்ல மேடம், எங்கிட்ட சொல்லலையே"ன்னுதான். ராத்திரில வேண்டாம், ஞாயித்துக்கிழமை காலைல சாப்பிட்டுட்டு உக்காருங்க. மொதல்ல செயின சொல்லுங்க, அடகு சீட்ட கைல குடுங்க. அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு தேதி வைங்க, இந்த தேதி வரைக்கும் பாதி சம்பளத்த தாங்கலாம், கைல இவ்வளவு ரூபாய்க்கு கீழ போனா கெளம்பிடலாம்னு. பிரசவ செலவுக்கு எடுத்து வெச்சத மட்டும் அந்த கணக்குல சேக்காதீங்க.

பேசினதுக்கு அப்புறமும் தூக்கம் வரலைன்னா தள்ளிப்போடாம ஒரு மனநல டாக்டர பாருங்க. அதுக்கு முன்னாடி நடுராத்திரில மனசு தாங்கலன்னா 14416க்கு அடிங்க, அரசோட டெலி மானஸ், காசு கிடையாது, தமிழ்ல பேசுவாங்க.

ஞாயித்துக்கிழமை என்ன ஆச்சுன்னு எழுதுங்க, காத்திருக்கேன்.