ஒரே ஒயரில் ஃபோனும் நெட்டும்: வாசகர் கேள்விகள்

ஒரே லைனில் பேச்சும் இன்டர்நெட்டும் போகிறதே, ஒன்றோடு ஒன்று கலந்துவிடாதா? (பாலக்கோடு)

கலக்காது. ஃபோன் பேச்சுக்கு 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை இருந்தால் போதும். அதற்கு மேலே செப்புக் கம்பியில் ஏகப்பட்ட இடம் சும்மா கிடந்தது. அதைத்தான் ஏடிஎஸ்எல், அதாவது ஃபோன் கம்பியிலேயே நெட் தரும் முறை, எடுத்துக்கொண்டது. 26 முதல் 138 கிலோஹெர்ட்ஸ் வரை நாம் அனுப்புவது, அதிலிருந்து 1104 வரை நமக்கு வருவது. வருவதற்கு இடம் பெரிது, அதனால்தான் அப்லோடு எப்போதும் மந்தம். வீட்டில் இரண்டையும் பிரிப்பது ஸ்பிளிட்டர் என்ற சின்ன டப்பா. அடுத்த அறை ஃபோனை அது இல்லாமல் நேரே லைனில் மாட்டினால் பேச்சில் இரைச்சல் வரும், நெட்டும் திணறும்.

மழை பெய்தால் நெட் அறுந்து அறுந்து வருகிறது. மோடத்தை மாற்றச் சொல்கிறார்கள். (பென்னாகரம்)

அவசரப்பட்டு வாங்காதீர்கள். முதலில் ரிசீவரை எடுத்துக் காதில் வையுங்கள். கரகரவென்று கேட்டால் கோளாறு பெரும்பாலும் ஒயரில்தான், மோடத்தில் இல்லை. எங்காவது ஒரு ஜாயின்டில் தண்ணீர் இறங்கிப் பச்சை பூத்திருக்கும்.

அப்புறம், வீட்டு எக்ஸ்டென்ஷன்களை எல்லாம் கழற்றிவிட்டு, லைன் வீட்டுக்குள் நுழையும் இடத்திலேயே மோடத்தை மாட்டிப் பாருங்கள். சரியாகிவிட்டால் பழுது உங்கள் வீட்டு ஒயரிங்கில். ஆகவில்லையா, பழுது வெளியே. மோடத்தின் செட்டிங் பக்கத்தில் (பிரவுசரில் பெரும்பாலும் 192.168.1.1 என்று அடித்தால் வரும்) எஸ்என்ஆர் மார்ஜின் என்று ஓர் எண் இருக்கும்; லைன் இன்னும் எவ்வளவு இரைச்சலைத் தாங்கும் என்பதன் அளவு அது. அது 6 டெசிபெலுக்குக் கீழே இறங்கினால் தொடர்பு அறுந்துபோகாமல் இருப்பது கஷ்டம். வெயிலில் ஒரு தடவை, மழையில் ஒரு தடவை குறித்து வையுங்கள். புகார் கொடுக்கும்போது "நெட் ஸ்லோ" என்று மட்டும் சொன்னால் மோடத்தை ஆஃப் செய்து ஆன் பண்ணச் சொல்வார்கள். "ஃபோனிலும் கரகரப்பு, மழையில் மார்ஜின் இவ்வளவு" என்று சொல்லுங்கள், லைன்மேன் வருவார்.

எங்கள் மாந்தோப்பு வீடு எக்ஸ்சேஞ்சிலிருந்து 5 கிலோமீட்டர். பெரிய பிளானுக்கு மாறினால் வேகம் கூடுமா? (காவேரிப்பட்டணம்)

கூடாது, பணம்தான் கூடும். கம்பி நீள நீள உயர்ந்த அதிர்வெண்கள்தான் முதலில் தேய்ந்துபோகும். வேகம் இருப்பதே அங்கேதான். ஏடிஎஸ்எல்லின் வேகமான வடிவமான ஏடிஎஸ்எல்2+ 24 எம்பிபிஎஸ் தரும் என்பது எக்ஸ்சேஞ்ச் பக்கத்தில் இருப்பவர்களுக்கு. இன்னொன்று, கேபிள் சாலையை ஒட்டிச் சுற்றி வரும். நீங்கள் சொல்லும் 5 உண்மையில் 6 ஆகவும் இருக்கலாம். உங்கள் பக்கம் ஃபைபர் வந்திருக்கிறதா என்று விசாரியுங்கள்.

2 எம்பிபிஎஸ் பிளான், டவுன்லோடில் 250 கேபிதான் காட்டுகிறது. ஏமாற்றுகிறார்களா? (அரூர்)

இல்லை. பிளானில் இருப்பது பிட், திரையில் தெரிவது பைட். 8 பிட் ஒரு பைட். வகுத்துப் பாருங்கள், முழுசாக வருகிறது.

கரண்ட் போனால் ஃபோன் வேலை செய்கிறது, நெட் மட்டும் நிற்கிறது. ஏன்? (ஊத்தங்கரை)

ஃபோனுக்கு வேண்டிய 48 வோல்ட் எக்ஸ்சேஞ்ச் பேட்டரியிலிருந்து அதே கம்பியில் வருகிறது. மோடத்துக்கு வீட்டுக் கரண்ட் வேண்டும். அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டுக்கு ஏற்ற மினி யூபிஎஸ் வாங்கினால் போதும். இடி இடிக்கும்போது மட்டும் அடாப்டரோடு ஃபோன் ஒயரையும் மோடத்திலிருந்து பிடுங்கிவிடுங்கள். மின்னல் அந்த வழியாகவும் வரும்.